நாலடிக் கட்டை நுழையும் கதவு

எனக்கு வயது முப்பத்து மூன்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் புதிதாகப் பழகுகிறவர்கள் சிரிப்பார்கள். பிறகு என் இடது கையைப் பார்ப்பார்கள், பேச்சை மாற்றுவார்கள். கடலூரில் ஐந்து வருடம், சிதம்பரத்தில் ஆறு வருடம், ஆக மொத்தம் பதினோரு வருடம் பாய்லர் ஆபரேட்டராக இருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் எழுத வேண்டியதை இப்போதே எழுதுகிறேன்.

எழுத வைத்தவன் பிரகாஷ். கடலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கூடத்தில் வேலை செய்கிறான். சோறு, இட்லி, சாம்பார் எல்லாம் நீராவியில் வேகும் இடம். காஸ் கட்டுப்படியாகவில்லை என்று அவனுடைய முதலாளி விறகு பாய்லருக்கு மாறப்போகிறார். எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிற பொறுப்பு பிரகாஷுக்கு. எங்கள் தொழில் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ போட்டான். பளபளவென்று புது பாய்லர். விற்பனைக்காரர் கதவைத் திறக்கிறார், இரண்டு பேர் ஒரு முழுச் சவுக்குக் கட்டையைத் தூக்கி உள்ளே தள்ளுகிறார்கள், கதவு மூடுகிறது. கீழே எழுதியிருந்தான்: "அண்ணே, நாலடிக் கட்டைய அப்படியே முழுங்குது. புக் பண்ணிடலாமா?"

பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த வரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லாவிட்டால் அவன் அதை மதிக்கமாட்டான். அந்த வயதில் நானும் மதித்திருக்கமாட்டேன்.

முதுநகருக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவன் நான். டிப்ளமா முடித்தேன், ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் பக்கம் சேர்ந்தேன், பரீட்சை எழுதி இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கினேன். அதை ஜெராக்ஸ் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கட்டை ஏற்ற வரும் லாரி டிரைவர்களிடம் எல்லாம் அப்பா காட்டினார். வேர்வையில் நனைந்து கிழிந்ததும் இன்னொன்று எடுத்துத் தரச் சொன்னார். படித்த காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கம்பெனியில் கற்ற ஒரு வேலையை மட்டும் சொல்லியாக வேண்டும். ஷிஃப்ட் மாறி உள்ளே வந்ததும் நெருப்பைப் பார்க்கக் கூடாது, தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். பாய்லரின் நெஞ்சில் ஒரு முழ உயரத்துக்குக் கண்ணாடிக் குழாய் ஒன்று நிற்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அது காட்டும். ஆனால் சும்மா பார்த்தால் போதாது. அழுக்கு அடைத்துக்கொண்டால் பழைய தண்ணீரே கண்ணாடியில் நின்று ஏமாற்றும். அதனால் முதலில் கீழ்த் திருகைத் திறந்து கண்ணாடியைக் காலி செய்ய வேண்டும். மேலே உள்ள நீராவி வழியை மூடித் தண்ணீர் வழியைச் சீறவிட வேண்டும். பிறகு தண்ணீர் வழியை மூடி நீராவி வழியைச் சீறவிட வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் பழைய நிலையில் வைத்தால் தண்ணீர் துள்ளி ஏறி, ஒரு ஆட்டம் ஆடி, நிற்கும். ஆட வேண்டும். ஆடாமல் நின்றால் நம்பக் கூடாது. கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. உள்ளே தண்ணீர் விடக் கூடாது. காய்ந்து பழுத்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதைப் பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண் போட்டார்கள்.

சிதம்பரத்தில் நான் சேர்ந்தது ஒரு சலவைக்கூடம். ஆஸ்பத்திரிகள், லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைக்க, உலர்த்த, உருளையில் விட்டு இஸ்திரி போட எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டும். முதலாளி சென்னையில் இருந்தார். எங்களுக்கு எல்லாமே ஜெயராணி மேடம்தான். முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடலூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உருளையிலிருந்து வரும் விரிப்பைப் புறங்கையால் தடவிப் பார்ப்பார். ஈரம் இருந்தால் எதுவும் சொல்லாமல் மடித்துத் திரும்ப வைத்துவிடுவார். யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில், "எழுதிக் குடுங்க." லீவா, எழுதிக் குடுங்க. சண்டையா, எழுதிக் குடுங்க. கொடுத்ததை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஸ்டீல் ஸ்கேலை நகர்த்தி நகர்த்திப் படிப்பார். கையெழுத்தே வராத பெண்கள்கூட இன்னொருத்தியிடம் சொல்லி எழுதி வாங்கி வந்து நிற்பார்கள். எழுத்து தெரிந்தவன் என்பதால் எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது.

நான்காவது வருடம் டீசல் பாய்லரை எடுத்துவிட்டு விறகு பாய்லர் போட முடிவு செய்தார்கள். கடற்கரை ஓரம் முழுக்கச் சவுக்கு இருக்கும்போது டீசல் எதற்கு என்பது முதலாளியின் கேள்வி. மேடம் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு மூணு எடம் போய்ப் பாருங்க தம்பி. எது, ஏன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நீங்க எழுதறதத்தான் முதலாளிக்கு அனுப்பப்போறேன்."

இரண்டு பாய்லர்கள் கடைசி வரை நின்றன. ஒன்றின் கதவு சின்னது. இரண்டடி நீளத்துக்கு அறுத்துப் பிளந்த விறகுதான் போகும். கால் மணிக்கு ஒரு தரம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் நீராவியின் வேகத்திலேயே தண்ணீரை உள்ளே ஏற்றும் கருவி ஒன்று அதில் இருந்தது. கரண்ட் போய் வந்தால் ஆள் வந்து பொத்தானை அழுத்தாமல் பம்ப் ஓடாது, அது இரண்டிலும் ஒன்றுதான். மற்றதன் கதவு பெரியது. நாலடிக் கட்டை முழுதாகப் போகும். நாலைந்து கட்டை அடுக்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டாம். அந்தக் கருவி வேண்டுமானால் தனியாகச் சொல்லி வாங்க வேண்டும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருந்திருந்தால் குற்றத்தைக் காசின் மேல் போட்டிருக்கலாம்.

நான் பெரிய கதவைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் என் தங்கை மலரின் கணவன் தனபால்.

பிச்சாவரம் போகிற வழியில் அவன் வீடு. விறகுக் கடையில் கட்டை பிளக்கிற வேலை செய்துகொண்டிருந்தான். ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்து அடித்து வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. சட்டை போடும்போது மலர் கையைப் பிடித்து நுழைத்துவிட வேண்டியிருந்தது. விறகு பாய்லர் வந்தால் தீ போட ஒரு ஆள் வேண்டும், அந்த இடத்துக்கு அவனை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு. சின்னக் கதவு என்றால் அங்கேயும் அவன்தான் பிளக்க வேண்டும். பெரிய கதவு என்றால் கோடாலியே வேண்டாம்.

மேடத்துக்குக் கொடுத்த பக்கத்தை மூன்று முறை அழகாக எழுதினேன். எரிதிறன், சாம்பல் தள்ளும் வசதி, புகைபோக்கியின் உயரம், கட்டை பிளக்கும் ஆள் வேலை மிச்சம். கொட்டகையை அளந்து இதையும் எழுதினேன்: "கதவுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஐந்தடி இடம் உள்ளது. ஒருவர் நின்று விறகு போடத் தாராளமாகப் போதும்." மேடம் ஸ்கேலை அந்த வரியில் நிறுத்தி, "தாராளமா?" என்று கேட்டார். ஆமாம் மேடம் என்றேன். ஸ்கேல் அடுத்த வரிக்குப் போனது.

தனபால் சேர்ந்த முதல் நாள் பாய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தான். "மச்சான், டிப்ளமா படிச்ச மச்சான் ஏசி ரூம்ல உக்காந்துருப்பாருன்னு சொல்லித்தான் எனக்குப் பொண்ணு குடுத்தாங்க. இங்க வந்து பாத்தா நீயும் என்னாட்டம் அடுப்புதான் ஊதுற."

"இது அடுப்பு இல்ல மாப்ள. பாய்லரு."

"எங்க ஊட்லயும் இருக்குது. உன் தங்கச்சிதான் ஆபரேட்டரு. சர்டிபிகேட்டுதான் இல்ல."

வேலையில் அவன் சுத்தம். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்ப்பான். கணீரென்றால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம். ஈரமானதைத் தனியாக அடுக்குவான். கட்டையின் ஒரு முனையைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துக் கதவின் விளிம்பில் வைத்து, வாலைத் தூக்கி ஒரே தள்ளு. ஐந்தடி இடத்தில் நாலடிக் கட்டையை அவன் திருப்புகிற லாவகத்தைப் பார்க்க இஸ்திரிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். தோள் மெல்ல மெல்ல மேலே வந்தது. எட்டு மாதத்தில் தானே சட்டை போட்டுக்கொண்டான். மலர் இதை எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இனி ஒரு குச்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பும் அதன் ஸ்டார்ட்டரும் கொட்டகைக்கு வெளியே, சுவரின் அந்தப் பக்கம் இருந்தன. எங்கள் பகுதியில் கரண்ட் ஒரு நாளைக்குப் பத்து முறை கண் சிமிட்டும். சிமிட்டினால் பம்ப் நின்றுவிடும், யாராவது சுற்றிப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு முறை பம்ப் நின்றது சத்தத்தில் தெரியாமல், கண்ணாடியில் தண்ணீர் அடி வரை இறங்கிவிட்டது. இனி இப்படி நடக்கக் கூடாது என்று, பச்சைப் பொத்தானுக்கும் எதிரே ஓடும் குழாய்க்கும் நடுவே ஒரு சவுக்குக் குச்சியை இறுகச் செருகினேன். பொத்தான் எப்போதும் அழுந்தியே இருக்கும், கரண்ட் வந்த நொடியில் பம்ப் தானாக ஓடும். வயலில் மோட்டார் வைத்திருக்கிறவர்கள் செய்கிற வேலைதான். குச்சியைச் செதுக்கிக் கொடுத்தவன் தனபால், செருகியவன் நான். பாதுகாப்புக்காகத்தான் செய்தேன். இதைப் படிக்கிற பிள்ளைகள் அந்த வார்த்தையைக் கவனிக்க வேண்டும்.

மேடம் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தபோது பார்த்துவிட்டார். என்ன இது என்று கேட்டார். சொன்னேன். "எழுதி வச்சிடுங்க தம்பி, லாக் புக்ல" என்றார். சரி என்றேன். அந்தச் சலவைக்கூடத்தில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். எழுதினால் வருடாந்தரச் சோதனைக்கு வருகிற அதிகாரி கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

கார்த்திகை மாதம். நான்கு நாளாக மழை விடவில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறிவிட்டது என்று டிரைவர்கள் சொன்னார்கள். தனபால் ஒதுக்கி வைத்திருந்த காய்ந்த கட்டைகள் தீர்ந்துவிட்டன. ஈரக் கட்டை போட்டால் வெட்டிய முனையில் நுரை தள்ளிக்கொண்டு புஸ்ஸென்று அழும், நீராவி ஏறாது. நாலு போடும் இடத்தில் ஆறு போட்டோம். அடுப்பு வாய் வரைக்கும் கட்டை. ஆஸ்பத்திரி வண்டி நாலு மணிக்கு வரும், விரிப்புகள் பாதிகூட உலரவில்லை. ஒரு வழியாக மூன்று மணி சுமாருக்குக் கட்டைகள் பிடித்துக்கொண்டு நன்றாக எரிந்தன. நீராவி ஏறியது. தனபால் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த நேரம் கரண்ட் போனது.

சிமிட்டல் என்றுதான் நினைத்தோம். வரவில்லை. கரண்ட் இல்லாமல் தண்ணீர் ஏற்றும் கருவியை நான் சொல்லி வாங்கியிருக்கவில்லை. இஸ்திரிக்குப் போகும் நீராவியை மூடினேன். போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு கூரை அதிரத் திறந்துகொண்டு கத்தியது. அது தன் வேலையைச் செய்தது. ஆனால் கத்தக் கத்தத் தண்ணீர்தான் நீராவியாகி வெளியே போகிறது. உள்ளே ஆறு கட்டையும் தணலாகிவிட்டன. காற்று வரும் வழியை அடைத்தேன். ஈரச் சாம்பலை அள்ளி அள்ளிப் போட்டோம். பெரிய அடுப்பு, தின்றுகொண்டே இருந்தது. கண்ணாடியில் தண்ணீர் ஒரு விரல், அரை விரல் என்று இறங்கியது.

"மச்சான், தண்ணி காணோம்" என்றான் தனபால்.

கண்ணாடியைச் சீறவிட்டுப் பார்த்தேன். வெறும் ஆவி. ஆடுவதற்கு ஒன்றுமில்லை.

இனி ஒரே வழி, கட்டைகளை வெளியே இழுப்பது. கொக்கி போட்ட நீளக் கம்பியைத் தனபால் எடுத்தான். முதல் கட்டையைக் கொக்கியில் மாட்டி இழுத்தான். இரண்டடி வெளியே வந்தது. அதற்கு மேல் அவன் பின்னால் போக இடமில்லை, முதுகு மதிலில் முட்டியது. போடும்போது சாய்த்துப் போட்ட கட்டை. எரிகிற கட்டையைக் கையால் பிடித்துச் சாய்க்க முடியுமா? பக்கவாட்டில் நின்று நெம்பிப் பார்த்தான். கட்டை கதவின் விளிம்பில் குறுக்கே சிக்கிக்கொண்டது. பாதி உள்ளே, பாதி வெளியே. இப்போது கதவையும் மூட முடியாது.

யாரும் பம்ப்பைத் தொடாதீர்கள் என்று கத்தினேன். பரீட்சையில் எழுதியது மறக்கவில்லை. கொட்டகை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள், யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமே இல்லை என்பது மட்டும் என் தலையில் ஏறவில்லை. எட்டு மாதமாக அந்தப் பொத்தானில் இருந்த குச்சி, பொத்தானின் ஒரு பாகம் மாதிரி என் கண்ணுக்குப் பழகிவிட்டது.

கூடத்தின் மறு கோடியில் எலக்ட்ரீஷியன் முருகேசன் மழையில் நனைந்துகொண்டு ஜெனரேட்டரோடு போராடிக்கொண்டிருந்தார். பேட்டரி இறங்கிக் கிடந்தது. மேடம்தான் எப்படியாவது ஓட்டுங்கள் என்று அனுப்பியிருந்தார். ஒரு வண்டியின் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, நல்லவர், கடைசியில் ஓட்டிவிட்டார்.

நான் சாம்பல் எடுக்க மூன்று எட்டு இடது பக்கம் போயிருந்தேன். விளக்குகள் எரிந்தன. இஸ்திரிப் பக்கமிருந்து பெண்கள் ஓவென்று சந்தோஷப்பட்டார்கள். சுவரின் அந்தப் பக்கம் பம்ப் உறுமுகிற சத்தம் கேட்டது. தனபால் கொக்கியோடு கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. கனமான துணியைக் கிழிப்பது போல் இருந்தது. உள்ளே குழாய்கள் கிழிந்துவிட்டன. நீராவியும் தணலும் திறந்திருந்த அந்தப் பெரிய வாய் வழியாக வந்தன. நாலடிக் கட்டை நுழையும் வாய்.

தனபால் இரண்டு நாள் இருந்தான். எனக்கு இடது கை வெந்து முடங்கியது, இடது காது கேட்காமல் போனது. ஒரே வார்டில்தான் கிடந்தோம். அவனைக் கிடத்தியிருந்த விரிப்பின் மூலையில் சிவப்பு நூலில் தைத்த சின்னக் குறியைப் பார்த்தேன். எங்கள் சலவைக்கூடத்தின் குறி அது. இரண்டாம் நாள் காலையில் கொஞ்சம் பேசினான். "மச்சான், அந்தக் கட்ட வந்துருக்கும். கொஞ்சம் எடம் இருந்திருந்தா வந்துருக்கும்." இரண்டு தரம் இதையே சொன்னான். குற்றமாகச் சொல்லவில்லை. வேலை ஏன் முடியவில்லை என்று மேலாளரிடம் சொல்கிற மாதிரி சொன்னான்.

காரியம் முடிந்த பிறகு மலர் என் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். சலவைக்கூடத்தில் பேசிக்கொள்கிறார்களாம், குச்சி வைத்தது தனபால் என்று. அவன் கத்தியால் செதுக்கினதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். விசாரணை வருகிறது, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடுவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் அழவில்லை. "ஆளு போனது பத்தாதுன்னு தப்பும் அவரோடதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஜெயராணி மேடம் வந்தார். ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு என் காயங்களைப் பற்றி விசாரித்தார். கண்கள் சிவந்திருந்தன, அது நடிப்பில்லை. கொஞ்ச நேரம் போர்வையைப் புறங்கையால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு இன்னும் வயசு இருக்குது தம்பி. முதலாளி உங்கள விட மாட்டாரு, ஆபீஸ்ல ஒரு வேலை போட்டுத் தர்றேங்கறாரு. அந்தக் குச்சி யாரு வெச்சதுன்னு எழுத்துல எங்கயும் இல்ல. நானும் எதையும் பாக்கல."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முருகேசனை அனுப்பியது அவர், அந்தப் பாரம் அவருக்கு. எல்லோருமே சரியான வேலையைத்தான் செய்திருந்தோம். ஆனால் அன்று இரவெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. அந்த இடத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் பெருமையாக எழுதிக் கொடுத்தேன். எழுத்து தெரியாத தனபால் மீது, நான் எழுதாமல் விட்ட ஒரு வரி போய் விழப்போகிறது. எழுதப் படிக்கத் தெரிந்து நான் சம்பாதித்தது இதுதானா?

விசாரணைக்கு வந்த அதிகாரி விரிப்பு மடிக்கிற நீள மேசையில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையோடு எதிரில் நின்றேன். மேடம் பக்கத்தில் இருந்தார். கேட்பதற்கு முன்பே சொன்னேன். குச்சியைச் செருகியது நான். லாக் புக்கில் எழுதச் சொன்னார்கள், வேண்டுமென்றே எழுதவில்லை. தனபாலுக்குப் பம்ப் பக்கம் எந்த வேலையும் இல்லை, அவன் தீ போடுகிறவன். பாய்லரைத் தேர்ந்தெடுத்ததும் நான். மேடம் தலை நிமிரவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு கோப்பிலிருந்து என்னுடைய அந்த ஒரு பக்கத்தை எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. முழுவதும் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். "எப்படி எரியும், எவ்ளோ நேரம் எரியும், எல்லாம் இருக்குது. இத அவசரத்துக்கு எப்படி அணைப்பீங்கன்னு ஒரு வரிகூட இல்லையே. யாரையாவது கேட்டீங்களா?"

இல்லை சார் என்றேன்.

"விக்கிறவன் சொன்னானா?"

இல்லை சார்.

அவருடைய அறிக்கையில் தனபாலின் பெயருக்கு நேரே கவனக்குறைவு என்ற சொல் வரவில்லை. என் பெயருக்கு நேரே வந்தது. சான்றிதழை ஒப்படைத்தேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு வால்வைத் திருகவும் முடியாது. மலருக்குச் சேர வேண்டியது தாமதமாக, ஆனால் தகராறில்லாமல் சேர்ந்தது. அப்பா சட்டைப்பையிலிருந்த ஜெராக்ஸை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மலர் வீட்டுக்குப் போனேன். சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாய் விசாரணையில் என்று கேட்டாள். சொன்னேன். பெரிய கதவு ஏன் வாங்கினேன் என்பதையும், அவனுடைய தோளைப் பற்றியும் முதல் முறையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சோறு பொங்கி வழிந்தது. பேச்சை விடாமல், என்னைப் பார்த்தபடியே, கையை நீட்டி விறகை அடுப்பிலிருந்து இழுத்துத் தள்ளி வைத்தாள். பொங்கியது உடனே அடங்கியது. தான் செய்ததை அவளே அப்போதுதான் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பிரகாஷ் போல என்னிடம் கேட்கிற பிள்ளைகள் நிறைய. எரிதிறன் எவ்வளவு, சவுக்கு நல்லதா, முந்திரிக் கட்டை போடலாமா, எந்தக் கம்பெனி என்று கேட்கிறார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும், சொல்கிறேன். விறகு காய்ந்திருக்க வேண்டும். காய வைக்க, நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு இடம் வேண்டும். கரண்ட் இல்லாமல் தண்ணீர் ஏற்ற ஒரு வழி கட்டாயம் வேண்டும், அதை விருப்பம் என்று எவன் சொன்னாலும் கேட்காதீர்கள். பம்ப் தானாக ஓடக் கூடாது, ஒரு மனிதன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து ஓட்ட வேண்டும். கதவுக்கு எதிரே எவ்வளவு இடம் என்பதை, கட்டை உள்ளே போகிற கணக்கில் அளக்காதீர்கள்.

குழுவில் அவனுக்கு நான் அனுப்பிய பதில் இது: "பிரகாஷ், கட்டையை உள்ளே தள்ளுகிற வீடியோ பார்த்தேன். நன்றாக இருக்கிறது. அதே கட்டை பாதி எரிந்த பிறகு, அதே இரண்டு பேர் அதை வெளியே எடுக்கிற வீடியோ ஒன்று எடுத்து அனுப்பச் சொல். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

விற்பனைக்காரரிடம் கேட்டானாம். சரி, எடுத்து அனுப்புகிறேன் என்றாராம்.

எட்டு நாள் ஆகிறது. இன்னும் வரவில்லை.